காவிரியில் எடுத்துப் பெண்ணையில் விடுகிறோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் நின்று சங்க இலக்கியத்தின் சுவையை எடுத்துரைப்பது வழக்கம். இவ்வாண்டு, மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலம் கழிக்கும் எம்மைப் பேசுமாறு பணித்துள்ளார்கள். இலக்கியம் பேச எமக்குத் தகுதி இல்லை. கணக்கு மட்டும் பேசலாம். ஒரு பொருள் எந்த நிலையத்தில் ஏற்றப்பட்டது, எங்கே இறக்கப்பட்டது, அனுப்பியவர் யார், பெறுகின்றவர் யார், அவர் கையொப்பமிட்டாரா என்று பார்ப்பதே எம் தொழில். அந்தக் கண்கொண்டு, நாம் நாள்தோறும் குடித்தும் குளித்தும் கழித்தும் வரும் தண்ணீரைப் பற்றி இன்று சிறிது ஆராயலாம் என்று கருதுகின்றோம். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். ஆகவே தண்ணீரைப் பற்றிப் பேசுவது தமிழ் விழாவுக்குப் புறம்பாகாது என்று நம்புகின்றோம்.

மேட்டு நிலத்து நகரம்

உலகின் பெருநகரங்கள் பலவும் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ எழுந்தவை. சென்னைக்குக் கடல் உண்டு. மதுரைக்கு வையை உண்டு. திருச்சிக்குக் காவிரி உண்டு. நாம் வாழும் பெங்களூருக்கு அத்தகைய பேராறு இல்லை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் இந்நகரம் அமர்ந்திருக்கின்றது. இங்கே பெய்யும் மழை இரு பக்கமும் சரிந்து ஓடிவிடும். மேற்கே சரிவது விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரியைச் சேரும். கிழக்கே சரிவது தட்சிண பினாகினியைச் சேரும். தட்சிண பினாகினி என்று இங்கே வழங்கும் ஆறுதான் நம் தென்பெண்ணை.

ஓடும் நீரை நிறுத்திவைக்க இந்நிலத்து முன்னோர் கண்ட வழி ஏரி. பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பினார்கள். ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு. மேல் ஏரியின் மிச்சமே கீழ் ஏரியின் வரவு. தமிழகத்தில் பாண்டியரும் சோழரும் பல்லவரும் வெட்டிய ஏரித் தொடர்களும் இந்த முறையிலேயே அமைந்தவை. சொற்களைப் பாருங்கள்! நாம் ஏரி என்பதைக் கன்னடியர் கெரெ என்பர். நாம் தூம்பு என்றால் அவர்கள் தூபு என்பர். ஏரி நிரம்பி வழியும் இடத்தை நம் வடாற்காட்டுச் சிற்றூர்களில் கோடி என்பார்கள், இங்கேயும் கோடிதான். அங்கே மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி, இங்கே நீர்கண்டி. மொழி பிரிந்த பின்னும் தண்ணீரைப் பங்கிடும் முறை பிரியவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முன்னாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட நம் சிவாஜிநகருக்கு அண்மையில் இருப்பது அல்சூர் ஏரி. கெம்பே கௌடர் வழியினர் காலத்தது என்று சொல்லப்படும் அந்த ஏரி ஏறத்தாழ 120 ஏக்கர் பரப்புள்ளது. 1809-இல் ஆங்கிலப் படை இங்கே பாசறை அமைத்தபோது, அதைத் தொடர்ந்து சிப்பாய்களாகவும், சமையற்காரராகவும், வண்டிக்காரராகவும், வணிகராகவும் வந்த தமிழர் பலர் இந்த ஏரியைச் சூழ்ந்த பகுதிகளிலேயே குடியேறினர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட் வரை புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டபின் வரவு மேலும் பெருகிற்று. குழாய்நீர் வருமுன் இக்குடியிருப்பின் வாழ்வு இத்தகைய ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியே நடந்தது.

ஏரி என்றால் வெறும் தண்ணீர் அன்று. கரையில் அரசும் வேம்பும் நிற்கும். நீர் மெலியும் ஓரத்தில் நாணலும் சம்பும் கோரையும் வளரும். கோரைக்குள் நாமக்கோழி முட்டையிடும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் தேடி வரும். வானத்தில் செம்பருந்து வட்டமிடும். நீருக்குள் கெண்டையும் விராலும் கெளுத்தியும் இருக்கும். இத்தனை உயிர்களோடு மனிதரும் வாழ்ந்தனர். வலை வீசுவோர், வெளுப்போர், மாடு குளிப்பாட்டுவோர், புல் அறுப்போர், வண்டல் அள்ளிச் செங்கல் சூளைக்கும் வயலுக்கும் கொண்டுபோவோர், கரைக்குக் கீழே தோட்டமிடுவோர் என ஒவ்வொருவருக்கும் ஏரியில் ஒரு பங்கு இருந்தது. ஒருவர் பங்கு மற்றவர் பங்கை அழிக்காதபடி முறையும் இருந்தது. அந்த முறைகளில் சாதியின் கொடுமையும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லார்க்கும் ஒரே படித்துறை இருந்ததில்லை. ஆயினும் ஏரி அழிந்தால் ஊர் அழியும் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர்.

ஏரிகள் போன வழி

அந்த ஏரிகள் பல இன்று எங்கே? எமக்குத் தெரிந்த புகைவண்டி நிலையங்களிலிருந்தே தொடங்குவோம். நகர நிலையத்தில் இறங்கி எதிரே பாருங்கள். ஆயிரக்கணக்கான பேருந்துகள் வந்துபோகும் மெஜஸ்டிக் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரியின் வயிறு. கன்டோன்மென்ட் நிலையத்தை அடுத்திருந்த மில்லர் ஏரிகள் சாலைப் பெயராக மட்டும் மிஞ்சின. இடத்தைக் கட்டடங்கள் கொண்டன. கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்தது சம்பங்கி ஏரியில். கால்பந்து அரங்கம் எழுந்தது சூளை ஏரியில். ஹாக்கி அரங்கம் எழுந்தது அக்கித்திம்மனஹள்ளி ஏரியில். தேசிய விளையாட்டு வீரர்களுக்கான குடியிருப்பு எழுந்தது கோரமங்கல ஏரியில்.

இவற்றுள் சம்பங்கி ஏரியின் கதை நம் நெஞ்சைத் தொடுவது. அந்த ஏரி நீரைக்கொண்டு பூவும் காயும் கீரையும் பயிரிட்டவர்கள் திகளர் எனப்படும் வன்னிகுல க்ஷத்திரியர். தமிழோடு உறவுடைய தோட்டக்காரச் சமூகம் அது. ஆண்டுதோறும் சித்திரை நிலவில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் எடுப்பவர்களும் அவர்களே. ஏரி போயிற்று, தோட்டம் போயிற்று, தோட்டக்காரர் தொழிலும் போயிற்று. ஆனால் கரகச் சடங்குக்கு நீர்நிலை வேண்டுமே! அதற்காக அந்தப் பேரேரியில் ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியது. நகரம் ஒரு சமூகத்தின் பிழைப்பை எடுத்துக்கொண்டு, சடங்குக்கு மட்டும் ஒரு கைப்பிடி நீரை விட்டுவைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

தூரத்துத் தண்ணீர்

உள்ளூர் ஏரியை இழந்த நகரம் வெளியூர்த் தண்ணீரை நாடிற்று. 1890-களில் அர்க்காவதியாற்றின் ஹெசரகட்டாவிலிருந்து நீர் வந்தது. 1930-களில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. அதுவும் போதாமல் 1974-இல் காவிரி நீர் வரத்தொடங்கிற்று. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்திற்கு மின்விசையால் ஏற்றி, அந்நீரை நம் குழாய்க்குக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அது நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தருவதற்கானது. அதே ஆண்டு மார்ச்சில், ஆழ்குழாய்கள் வற்றிப் போய் நகரத்துப் பல பகுதிகளில் மக்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றதையும் நாம் மறக்கவில்லை.

இங்கே நம்மவர்க்கு ஒரு சங்கடம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை அன்று. காவிரி என்ற சொல் எழுந்தாலே சிவாஜிநகர்த் தமிழன் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டுத் தெருவை எட்டிப் பார்க்கும் நாட்கள் இருந்தன. 1991-இலும் 2016-இலும் அந்த அச்சத்தைக் கண்டோம். ஆகவே நாம் அப்பேச்சைத் தவிர்க்கப் பழகிவிட்டோம். ஆனால் கணக்கு கணக்குத்தானே? 2007-இல் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு 192 டி.எம்.சி. நீர் திறக்கச் சொல்லிற்று. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை 177.25 டி.எம்.சி. என்று குறைத்தது. குறைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்று கூட்டப்பட்ட அளவு. நகரத்தின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகையில் உள்ளது என்று கொண்டு நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்தது. குடிநீர் தேவைப்படும் மக்களை அவ்வாறு பிரித்தல் தகாது, முழு நகரத்துக்கும் சேர்த்தே கருதவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கொண்டது.

இது சரியா தவறா என்று வழக்காட யாம் வரவில்லை. தாகத்துக்கு முதலிடம் என்பதை யார் மறுப்பர்? நாம் கவனிக்கவேண்டியது வேறு. பெங்களூருக்குக் கூட்டிக் கொடுத்த அந்த நீரைக் குடிப்பவர் யார்? கன்னடியர் மட்டுமா? நாமும் அன்றோ குடிக்கிறோம்! தஞ்சையின் உழவனுக்குப் போகவேண்டியிருந்த நீரில் ஒரு பங்கு, குழாய் வழியாக நம் வீட்டுக் குடத்தில் விழுகின்றது. அந்த அளவுக்கு நாம் அவனுக்குக் கடன்பட்டவர்கள். கடன் வாங்கியவன் பொருளைப் பாழாக்கலாமா என்பதே கேள்வி.

கழிவு போகும் வழி

நாம் வீட்டில் பயன்படுத்தும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. மேற்கே விழுவது விருஷபாவதியைக் கெடுத்துக் காவிரிக்கே போகின்றது. நம் சிவாஜிநகரும் அல்சூரும் கிழக்குச் சரிவில் உள்ளவை. எனவே இங்கே குழாய்க்குள் அடங்காமல் மழைநீர்க் கால்வாயில் விழும் கழிவு முதலில் அல்சூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து சல்லகட்டாப் பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்கு, அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கு, அங்கிருந்து தென்பெண்ணைக்கு. மேல் ஏரியின் மிச்சம் கீழ் ஏரியின் வரவு என்று முன்னே சொன்னோமே, அந்தப் பழைய முறை இன்றும் மாறவில்லை. போகின்ற பொருள்தான் மாறிவிட்டது.

வழியில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். 2016 மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, அல்சூர் ஏரியின் கரையோரம் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து வெள்ளை வெளேரென்று மிதந்தன. காரணம் மாயம் அன்று. கழிவுநீரில் உள்ள சத்துகளை உண்டு பாசி பெருகும். பாசி அழுகும்போதும் கழிவு மட்கும்போதும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள உயிர்க்காற்றை உறிஞ்சிவிடும். இரவில் பாசியும் அதையே உறிஞ்சும். விடியற்காலையில் மீனுக்கு மூச்சுக்குக் காற்று இராது. நீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாவது எத்தகைய சாவு என்று எண்ணிப் பாருங்கள்.

பெல்லந்தூர் ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள ஏரி; நகரத்தில் மிகப் பெரியது அதுவே. நாம் துணி வெளுக்கும் தூளில் உள்ள நுரைப்பொருளும் பாஸ்பேட்டும் ஆண்டுக்கணக்கில் அதில் தங்கின. கோடியில் நீர் விழுந்து கடையும்போது பனிமலை போல் நுரை எழுந்து சாலையில் போவோர்மேல் பறந்தது. 2015-இல் அந்நுரை தீப்பற்றி எரிந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரியில் மீண்டும் தீ மூண்டது. 2018-இல் அணைப்பதற்கு இராணுவ வீரர்கள் வரவேண்டியதாயிற்று. தண்ணீர் எரிந்தது என்று பாட்டி கதையில் கேட்டிருந்தால் சிரித்திருப்போம்! தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் மாநில அரசு 50 கோடி ரூபாயும், அப்போதைய மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்த ஆணையிட்டது. அதன்பின் தூர்வாரும் பணியும் தொடங்கிற்று.

அந்த ஏரியின் நீர் பாய்ந்த நிலத்திலும் அதில் விளைந்த பயிரிலும் கன உலோகங்கள் சேர்ந்திருப்பதை 2006-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அப்படி விளைந்த காய்கறியும் கீரையும் சந்தைக்கு வாராமல் வேறெங்கே போகும்? மாட்டுக்கு அறுத்த புல் பாலாக மாறி யார் வீட்டுக்குப் போகும்? நாம் வடிகாலில் விட்டது நம் தட்டுக்கே திரும்புகின்றது.

பெறுகின்றவர் யார்?

தென்பெண்ணை ஓசூருக்கு அருகே தமிழகத்தில் நுழைகின்றது. முதலில் கெலவரப்பள்ளி அணை. பிறகு கிருஷ்ணகிரி அணை. பிறகு 1958-இல் முடிந்த சாத்தனூர் அணை. தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களைக் கடந்து, திருக்கோவலூர் வழியாகக் கடலூரில் அது கடலைச் சேர்கின்றது. அன்பர்களே! இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்கும்போது உங்களில் பலருக்கு உள்ளம் சிலிர்த்திருக்கும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நாம் பயணச்சீட்டு வாங்கும் ஊர்கள் அல்லவா அவை?

சில ஆண்டுகளுக்கு முன் யாம் ஒரு திருமணத்துக்காகக் கெலவரப்பள்ளிக்குக் கீழே உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். எம் சிறிய தந்தையார் அங்கே இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருக்கிறார். காலையில் கொல்லைக்கு அழைத்துப் போனார். மடையருகே வெண்ணுரை குவிந்து, காற்றில் பஞ்சுபோல் பறந்து, தக்காளிச் செடிகளின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்றம் தாங்கவில்லை. அவர் சினக்கவில்லை. சிரித்துக்கொண்டே, “ஏன் தம்பி, பெங்களூரில் சோப்பு அவ்வளவு மலிவா?” என்று கேட்டார்.

எமக்கு விடை சொல்ல நா எழவில்லை. அன்று இரவெல்லாம் எம் அலுவலகத்துப் பேரேடு கண்முன் நின்றது. அனுப்புநர் பத்தியில் எம் பெயர். பெறுநர் பத்தியில் எம் சிறிய தந்தையார் பெயர். பொருளின் பெயரை என்னவென்று எழுதுவது? அவர் கேட்காத சரக்கு, கையொப்பமிடாத சரக்கு, திருப்பி அனுப்பவும் முடியாத சரக்கு. எம் தொழிலில் இப்படி ஒரு சரக்கை எந்த நிலையத்திலும் இறக்க விடமாட்டார்கள். ஆறு மட்டும் வாய் திறவாமல் சுமந்துகொண்டு போகின்றது.

காவிரியில் நாம் நல்ல நீரை எடுக்கின்றோம். பெண்ணையில் கெட்ட நீரை விடுகின்றோம். இரண்டும் தமிழகத்துக்குப் போகும் ஆறுகளே. ஓர் ஆற்றின் கீழே இருப்பவனுக்கு அளவைக் குறைத்தோம். மற்றோர் ஆற்றின் கீழே இருப்பவனுக்குத் தூய்மையைக் கெடுத்தோம். இதனை மாநிலச் சண்டையாகப் பார்த்தால் நாம் எந்தப் பக்கம் நிற்பது? நாம் இரண்டு பக்கமும் நிற்கின்றோம். வடிகாலில் விடுவோரும் நாமே; வயலில் பெறுவோரும் நம் உறவினரே. அதனாலேயே இதைப் பேச நமக்குக் கடமை மிகுதி.

நியாயமான பங்கு

1992-இல் பிரேசில் நாட்டு ரியோ நகரில் உலக நாடுகள் கூடிப் பல்லுயிர் வளம் பற்றிய உடன்படிக்கை ஒன்றைக் கண்டன. அதன் நோக்கங்கள் மூன்று: உயிர்வளத்தைக் காத்தல், அது குன்றாதவாறு பயன்படுத்தல், பயனை நியாயமாகப் பகிர்தல். நம் நாடு 2002-இல் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இயற்றிற்று. அதன்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். மக்களைக் கேட்டு அவ்வூரின் உயிர்வளப் பதிவேடு எழுத வேண்டும். இச்சட்டத்தின்கீழ் 2007-இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் நமக்கு மிக அண்மையில் இருக்கின்றது. தேவனஹள்ளிக்கு அருகில் உள்ள நல்லூர்ப் புளியந்தோப்பே அது. முதிர்ந்த புளிய மரங்கள் 54 ஏக்கரில் நிற்கின்றன. சோழர் காலத்துத் தோப்பு என்று அவ்வூரார் சொல்வர்.

மூன்று நோக்கங்களில் முதலிரண்டைப் பலரும் பேசுகின்றனர். மூன்றாவதை மறந்துவிடுகின்றனர். ஏரியைக் காக்கின்றோம் என்று சொல்லிச் சுற்றிலும் வேலியிட்டு, நடைபாதை அமைத்து, காலையில் உடற்பயிற்சி செய்வோர்க்கு மட்டும் கதவைத் திறந்தால், புல் அறுத்தவளும் வலை வீசியவனும் எங்கே போவார்கள்? இந்நகரில் 2002-இல் ஏரிகளுக்கென அமைந்த ஆணையம், சில ஏரிகளைத் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. நுழைவுக் கட்டணமும் கேளிக்கைப் படகும் வந்தன. அதனை எதிர்த்து 2008-இல் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதியரசர் என்.கே. பாட்டீல் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை தந்தது. 2012-இல் நீதிமன்றம், ஏரிகளைப் பொதுச் சொத்தாகக் காக்க வேண்டும் என்று வழிகாட்டிற்று. பொதுச் சொத்து எவருக்கும் உரியதன்று ஆதலால் அழிந்தே தீரும் என்று சிலர் சொல்வர். அஃது உண்மையன்று. பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்துக் காத்த ஆறும் ஏரியும் மீன்துறையும் உலகெங்கும் உண்டு என்று ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையாருக்கு 2009-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நீர்க்கட்டியும் குடிமராமத்தும் அம்மையாருக்கு முன்பே அதைச் செய்து காட்டியவை அன்றோ?

செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் நகரத்தின் வடக்கே ஜக்கூர் ஏரிக்குச் சென்று பார்க்கலாம். கழிவுநீரை முதலில் நிலையத்தில் சுத்திகரிக்கின்றனர். பிறகு அது நேரே ஏரிக்குப் போவதில்லை. சம்பும் நாணலும் அடர்ந்த சதுப்பு வழியாக மெல்ல நகர்கின்றது. அங்கே செடியின் வேர் எஞ்சிய சத்தை உறிஞ்சிக்கொள்கின்றது. அதன்பின் ஏரியில் மீன் வளர்கின்றது, மீனவர் வலை வீசுகின்றனர், பறவைகள் வருகின்றன, சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று ஏறுகின்றது. கழிவு என்பது இடம் தவறிய சத்து. இடமறிந்து நிறுத்தினால் அதுவும் வளமே.

மற்றொரு முயற்சியும் உண்டு. 2018 முதல் கோரமங்கல, சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, வறண்ட கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஏற்றி அனுப்புகின்றனர். வற்றிய ஏரிகளில் நீர் நிற்பதைக் கண்டு மகிழ்ந்தவர் பலர். ஆனால் இரண்டாம் நிலை வரையில் சுத்திகரித்த நீர் போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் என்று அங்குள்ள உழவர் நீதிமன்றம் வரை சென்றனர். அவர்கள் கேட்டது பிச்சை அன்று. பெறுபவன் பொருளைப் பரிசோதிக்க உரிமை உடையவன் என்பது எந்த வணிகத்திலும் உள்ள முறை.

நாம் செய்யத்தக்கவை

அரசு செய்யட்டும் என்று அமர்ந்திருப்பது எளிது. அரசு செய்ய வேண்டியது மிகப் பெரிது என்பதும் உண்மை. ஆயினும் நம் சங்கத்தின் ஆற்றலுக்குள் அடங்கியவை சில உண்டு.

முதலாவது, நம் வீடு. துணிக்குத் தேவையான அளவுக்கு மேல் தூளைக் கொட்டாதிருத்தல். சமையல் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதிருத்தல். கழிவுக் குழாயை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடாதிருத்தல். கூரை நீரைச் சேர்க்கத் தமிழகம் 2003-இலும் இந்நகரம் 2009-இலும் சட்டம் செய்தன. நம்மில் எத்தனை வீடுகளில் அந்தத் தொட்டி உண்மையாகவே வேலை செய்கின்றது?

இரண்டாவது, நம் கடை. ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்களில் உணவு விடுதியும், இறைச்சிக் கடையும், சாயமிடும் தொழிலும், சலவைத் தொழிலும் நடத்துவோர் இச்சங்கத்திலும் உண்டு. யாரையும் குற்றம் சாட்டி இதைச் சொல்லவில்லை. ஒருவர் கழிவைப் பிரித்து அனுப்ப முன்வந்தால் செலவு அவர் ஒருவர் தலையில் விழும். பத்துப் பேர் சேர்ந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம். சேர்ப்பதற்குத்தானே சங்கம்?

மூன்றாவது, நாம் எளிதில் மறந்துவிடும் மனிதர். அடைத்த சாக்கடையைத் திறக்கும் தொழிலாளர் இந்நகரில் யார்? நம் மொழியும் தெலுங்கும் பேசும் ஏழைகள் பலர் அதில் உழல்கின்றனர். கழிவுநீர்க் குழியில் மனிதரை இறக்குதல் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. ஆனால் அவசரம் என்று சொல்லிக் கைக்காசு கொடுத்து இறக்குவோர் இன்னும் உளர். நம் வீட்டு வாயிலில் அது நடக்க விடமாட்டோம் என்று உறுதி கொள்வோமாக. தண்ணீரைப் பகிர்வதில் நியாயம் வேண்டுமென்று பேசும் நாம், கழிவைச் சுமப்பதிலும் நியாயம் வேண்டுமென்று பேசாதிருக்கலாகாது.

நான்காவது, நம் முதியோரின் நினைவு. அல்சூர் ஏரியில் எந்தெந்த மீன் கிடைத்தது, எந்தப் பறவை எந்தத் திங்களில் வந்தது, கரையில் எந்தக் கீரை முளைத்தது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சொல்வதை நம் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். தமிழ்ப் பெயரோடு கன்னடப் பெயரையும் உருதுப் பெயரையும் பக்கத்து வீட்டாரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும். உயிர்வளப் பதிவேட்டுக்கு அது நம் சங்கத்தின் காணிக்கையாகும். ஏரியின் பெயரால் மூன்று மொழியினரும் ஒரு பலகையில் அமர்ந்தால், அதுவே ஒரு பெரிய பயன்.

நாம் இந்நகருக்கு வந்தேறியவர்கள் என்று சிலர் சொல்லும்போது நமக்கு மனம் நோகின்றது. பல தலைமுறை உழைத்தோமே என்று விடை சொல்கின்றோம். அந்த விடை உண்மையானால், இந்த ஊரின் ஏரியைத் தன் ஏரி என்று எண்ணிக் காப்பதில் நாம் முதல்வராக நிற்க வேண்டும். ஊரை உரிமை கொண்டாடுவதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அதே வேளையில், பிறந்த மண்ணுக்கு நாம் ஆண்டுதோறும் பணமும் துணியும் அனுப்புகின்றோம். அவற்றோடு நுரையையும் அனுப்பாதிருப்போம்.

எம் சிறிய தந்தையார்க்கு யாம் இன்னும் விடை சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்குப் போகும்போது, “எங்கள் தெருவில் பத்து வீட்டில் கழிவுக் குழாயைச் சரி செய்துவிட்டோம்” என்றாவது சொல்ல விரும்புகின்றோம். பத்து வீடு பெண்ணையாற்றுக்கு ஒரு துளிதான். ஆனால் பேரேட்டில் முதல் வரி எழுதாமல் கூட்டுத்தொகை போட முடியாது. அந்த வரியை எழுத உங்கள் துணையை வேண்டுகின்றோம்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் கருநாடு!